12 புள்ளி, 24 வாய்

மேலே மின்விசிறி சுற்றுகிறது. அதன் இறக்கையில் ஒரு டை மாட்டிக்கொண்டு, அதுவும் சேர்ந்து சுற்றுகிறது. கீழே உள்ளாடையோடு நிற்பவர் ஒரு நடுவயதுப் போலீஸ் அதிகாரி. குடித்த குடியில் தன் பெயரே மறந்துபோன மனிதர். அந்த டையை எட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டத்தின் முதல் பந்து இது. தொடக்கத்தில் உடல்வலுவுக்குப் புள்ளி ஒதுக்காமல் கஞ்சத்தனம் காட்டியிருந்தால், கை தவறிய மாத்திரத்தில் மாரடைப்பு வந்து ஆள் காலி. கொலைவழக்கை விசாரிக்க வந்தவர் அறைக்கதவைத் தாண்டுமுன்பே ஆட்டமிழந்துவிடுகிறார். உடனே திரையில் ஒரு நாளிதழ் விரிந்து, அவர் முடிந்துபோன கதையைச் செய்தியாகப் போடுகிறது. பத்திரிகையில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் குத்து கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

'டிஸ்கோ எலீசியம்' 2019 அக்டோபரில் கணினிக்கு வந்தது. எஸ்டோனியாவில் முளைத்த 'ஸா/உம்' என்ற குழுவின் முதல் வீடியோ கேம். அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் நான்கு விருதுகளை அள்ளியது. மேடையேறிய குழுவினர் மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். அடுத்த ஆண்டு பாஃப்டாவில் மேலும் மூன்று. 2021 மார்ச்சில், வசனம் முழுக்கக் குரல் சேர்த்து 'தி ஃபைனல் கட்' பதிப்பு வந்தது. நான் இப்போது ஆடுவது அதைத்தான். விசாரணையின் முதல் நாளை முடித்து இரண்டாம் நாளுக்குள் கால் வைத்திருக்கும் நிலையில் எழுதுகிறேன். கொலையாளி யாரென்று எனக்கே தெரியாது. ஆகவே நான் முடிவை உடைத்துவிடுவேனோ என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ஊர் ரெவஷோல், கற்பனை நகரம். புரட்சி வெடித்து, ஆட்சியைப் பிடித்து, பிறகு நசுக்கப்பட்டு, வெளிநாட்டுக் கூட்டணி வந்து உட்கார்ந்துகொண்ட ஊர். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் சுவர்களில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பூசவில்லை. அதன் துறைமுகப் பேட்டையான மார்ட்டினேஸில் ஒரு விடுதி. விடுதியின் பின்முற்றத்து மரத்தில் ஒரு வாரமாகப் பிணம் தொங்குகிறது. இறக்கி வைக்க ஒருவரும் முன்வரவில்லை. ஒரு பொடியன் அதன்மீது கல் வீசிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் நிற்கும் பெண் பிள்ளை அவனை உசுப்பேற்றுகிறாள். துறைமுகத்தில் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்கிறது, முதலாளிகளின் சார்பில் பேச்சுவார்த்தைக்கு ஒருவர் படகில் வந்து காத்திருக்கிறார். இத்தனைக்கும் நடுவே நம் அதிகாரி தன் பேட்ஜையும் துப்பாக்கியையும் எங்கேயோ தொலைத்துவிட்டு நிற்கிறார். போதாததற்கு விடுதி மேலாளர் வாடகைப் பாக்கியையும் உடைத்த ஜன்னலுக்கான பணத்தையும் கேட்டு வழி மறிக்கிறார்.

இது விளையாட்டுப் பக்கத்தில் வருவதற்குக் காரணம் அணித்தேர்வும் பகடையும். இந்த ஆட்டத்தில் சண்டைக்கென்று தனிப் பொத்தான் கிடையாது. எல்லாமே பேச்சில் நடக்கிறது. திரையின் வலது ஓரத்தில் கைப்பேசிச் செய்தி ஓடுவதுபோல உரையாடல் மேலேறிக்கொண்டே போகிறது. முக்கியமான இடங்களில் மட்டும் பகடை உருள்கிறது, அதற்குச் சோதனை என்று பெயர். தொடக்கத்தில் கையில் இருப்பவை 12 புள்ளிகள். அறிவு, உள்ளம், உடல், அசைவு என்ற நான்கு துறைகளுக்கு அவற்றைப் பங்கிட வேண்டும். எதிலும் ஒன்றுக்குக் கீழே போக முடியாது, ஆறுக்கு மேலேயும் கிடையாது. ஒவ்வொரு துறைக்குக் கீழும் ஆறு திறன்கள், ஆக மொத்தம் 24. பட்ஜெட் இவ்வளவுதான். ஒரு பக்கம் ஆறு கொடுத்தால் இன்னொரு பக்கம் ஊனம். நான் அறிவுக்கு அள்ளிக் கொடுத்தேன், உடலைப் பட்டினி போட்டேன். துப்பறியும் கதை என்றால் மூளைதானே வேலை செய்யும் என்று எல்லாரும் போடும் கணக்கு.

பகடைக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் நுட்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையோடு உங்கள் திறன் புள்ளி சேரும். அது குறித்த இலக்கை எட்ட வேண்டும். இலக்கு 12, உங்கள் திறன் 4 என்றால் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36 சேர்க்கைகளில் 15 உங்கள் பக்கம், அதாவது 42 சதவீதம். திறனில் ஒரே ஒரு புள்ளியைக் கூட்டினால் அது 58 ஆகிறது. இன்னொன்று கூட்டினால் 72. அதற்கப்புறம் ஏற்றம் சுருங்குகிறது: 83, 92, 97. மறுகோடியில், 12 விழுந்தால்தான் வெற்றி என்ற நிலையில் 3 சதவீதம். ஒரு புள்ளி கூட்டினாலும் 8 சதவீதத்தைத் தாண்டாது. ஆக, நடுவில் நிற்கும் சோதனைக்குப் போடும் புள்ளிதான் விலைமதிப்புள்ளது. ஏற்கெனவே பலமாக இருக்கும் இடத்தில் கொட்டுவது வீண், அறவே இல்லாத இடத்தில் கொட்டுவதும் வீண். இரண்டு ஆறு விழுந்தால் எப்படிப்பட்ட சோதனையிலும் வெற்றி, இரண்டு ஒன்று விழுந்தால் எவ்வளவு தேர்ந்தவருக்கும் தோல்வி. முப்பத்தாறில் ஒரு பங்கு அதிர்ஷ்டத்தை இரு பக்கமும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சோதனைகளில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு வகை. வெள்ளைச் சோதனையில் தோற்றால், அந்தத் திறனுக்கு ஒரு புள்ளி சேர்த்த பிறகோ நிலைமை மாறிய பிறகோ திரும்பவும் முயலலாம். சிவப்புச் சோதனைக்கு ஒரே வாய்ப்பு. இந்தச் சதவீதங்கள் எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் கண்முன் நிற்கின்றன. 'உனக்கு 42' என்று சொல்லிவிட்டுத்தான் உருட்டவிடுகிறது. எது நடந்தாலும் ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்ப வழியில்லை.

இதுவரை சொன்னது மேசையில் தாளும் பென்சிலும் வைத்து ஆடும் எல்லாக் கதையாட்டங்களுக்கும் பொருந்தும். இதன் தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது. இங்கே திறன்கள் வாய் திறந்து பேசும். தர்க்கம் ஒன்று சொல்லும், பரிவு இன்னொன்று சொல்லும், அதிகாரம் இரண்டையும் மறுத்து மேசையைத் தட்டச் சொல்லும். நீங்கள் ஒரு சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் உங்கள் மண்டைக்குள்ளிருந்து மூன்று பேர் குறுக்கிடுகிறார்கள். 'ஃபைனல் கட்' பதிப்பில் இந்த 24 திறன்களுக்கும் குரல் கொடுத்திருப்பவர் ஒரே ஆள், லென்வல் பிரவுன். ஆழமான, அவசரமே இல்லாத குரல். ஒரே தொண்டையிலிருந்து இத்தனை பேர் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்கும்போது, இவை எல்லாமே ஒரு மனிதருக்குள் நடப்பவை என்பது தனியாகச் சொல்லாமலே மனதில் பதிந்துவிடுகிறது. 24 நடிகர்களைப் போட்டிருந்தால் இந்த உணர்வு வந்திருக்காது.

குறுக்கிடுவது யார் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் புள்ளிகள். பகடை உருளாமலே, பின்னணியில் நடக்கும் சோதனை அது. ஒரு திறன் போதிய உயரத்தில் இருந்தால் தானாக வாய் திறக்கும், தாழ்வாக இருந்தால் மௌனம். அதாவது, எதற்கு நிறையக் கொடுத்தீர்களோ அது நிறையப் பேசும். நிறையப் பேசுவது சரியாகத்தான் பேசும் என்று உத்தரவாதம் இல்லை. என் முதல் நாள் ஆட்டத்தில் அடி வாங்கியது முழுக்க இந்த இடத்தில்தான். பேட்டிங்கில் திறமை கூடக் கூட ரன் கூடும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. இங்கே திறமை கூடக் கூட அதன் சத்தம் கூடுகிறது, சத்தத்தோடு அதன் கிறுக்கும் கூடுகிறது.

உதாரணத்துக்குக் கலைக்களஞ்சியம் என்ற திறன். அறிவுக்கு அள்ளிக் கொடுத்ததால் என்னிடம் அது கொழுத்துக் கிடந்தது. மோட்டார் வண்டி, வானொலி, செத்துப்போன மன்னர்கள் என்று கேட்காமலே கொட்டியது. உன் பெயர் என்ன என்று எதிரே நிற்பவர் கேட்டபோது மட்டும் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. தர்க்கத்துக்குக் கர்வம் அதிகம். 'எவ்வளவு கூர்மையாகப் பிடித்தீர்கள்' என்று யாராவது சொல்லிவிட்டால் வழுக்கி விழும் ரகம். நாடகம் என்ற திறன் உங்களை மன்னரே என்று கூப்பிட்டுக்கொண்டு, எதிரே நிற்பவரைப் பொய்யர் என்று சந்தேகிக்கும். எலக்ட்ரோகெமிஸ்ட்ரியோ குடிக்கும் சிகரெட்டுக்கும் அலையும் நாக்கு. சிகரெட் தேடுவதை ஒரு பணியாகவே உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிடுகிறது, கொலைவழக்குக்குப் பக்கத்திலேயே. இன்லாந்து எம்பயர் என்ற திறன் உயர்ந்திருந்தால் அந்த மின்விசிறி டை உங்களோடு பேசும். அது கொடுக்கும் யோசனைகளைக் கேட்டால் உருப்பட மாட்டீர்கள் என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். விளங்கிய பிறகும் கேட்கத் தோன்றுகிறது, அதுதான் எழுத்தின் சாமர்த்தியம்.

துப்பறியும் கதைகளில் நாயகன் என்றால் கவனித்து, கணித்து, கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்குபவர் என்றே படித்து வளர்ந்திருக்கிறோம். அவர் மூளை எப்போதும் அவர் பக்கம். இந்த ஆட்டத்தில் விசாரிக்கப்பட வேண்டிய முதல் சாட்சி உங்கள் மூளையே. எந்தத் தகவல் வந்தாலும், அதைச் சொன்ன திறன் எது, அதற்கு என்ன ஆசை என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. காலடித் தடங்களைப் பார்த்து அளவும் கோணமும் கணித்து, யார் எங்கே நின்றார் என்று காற்றில் கோடு போட்டுக் காட்டும் திறனும் உண்டு. அது பேசும்போது ஹோம்ஸைப் போலத் தலைநிமிர்கிறீர்கள். அடுத்த வரியில் இன்னொரு திறன் அந்தக் கல்லெறியும் பொடியனிடம் 'நான் யார் தெரியுமா' என்று கத்தச் சொல்கிறது. கத்தினேன். பொடியன் கொடுத்த பதிலை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது.

தோல்விக்கு ஸா/உம் குழுவினர் எழுதியிருக்கும் எழுத்து வெற்றிக்கு எழுதியதைவிடச் சுவையானது. விடுதிப் பாக்கியைக் கட்டாமல் ஓடிவிடலாம் என்று ஒரு வாய்ப்பு வருகிறது. முயன்றேன், பகடை கவிழ்த்தது. நம் ஆள் வெறுமனே ஓடவில்லை. ஓடிக்கொண்டே திரும்பி, மேலாளரை நோக்கி இரண்டு கைகளாலும் அநாகரிகச் சைகை காட்டி, அந்தரத்தில் எழும்பி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியின் மேல் போய் மோதினார். வெற்றிகரமாகக் கதவைத் தாண்டியிருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது. பல வீடியோ கேம்களில் தோற்றால் பழைய சேமிப்புக்குத் திரும்பி மறுபடி ஆடுவது வழக்கம். இங்கே அப்படித் திரும்பினால் நஷ்டம் நமக்கே. உடல்நலமும் மனஉறுதியும் என்று இரண்டு அளவுகள் கீழே இருக்கின்றன, அவமானப்பட்டால் இரண்டாவது குறையும். அது தீர்ந்தால் மாரடைப்பு இல்லாமலே ஆட்டம் முடியும். அந்த அளவு மட்டும் கையில் இருந்தால் தோல்வியைத் தைரியமாகத் தாங்கிக்கொண்டு போகலாம்.

இந்த ரகளைக்கு நடுவே மறுமுனையில் ஒருவர் நிற்கிறார். கிம் கிட்சுராகி. வேறு காவல் நிலையத்திலிருந்து இந்த வழக்குக்காக அனுப்பப்பட்ட லெப்டினன்ட். கண்ணாடி, ஆரஞ்சு நிற ஜாக்கெட், கையில் குறிப்பேடு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட். எதிர்முனையில் ஒருவர் ஒவ்வொரு பந்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்ற, இவர் ராகுல் திராவிட் மாதிரி நேர்மட்டையில் நாளைக் கடத்துகிறார். நீங்கள் மேசையோடு பேசினாலும், பிணத்தருகே வாந்தி எடுத்தாலும், அவர் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு வழக்குக்கு அழைத்து வருகிறார். அந்த ஒரு கணத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. எதற்கெடுத்தாலும் சதவீதம் காட்டும் இந்த ஆட்டம், கிம் உங்களை எப்படி எடைபோடுகிறார் என்பதற்கு மட்டும் திரையில் எண் எதுவும் தருவதில்லை. அவர் புருவத்தையும் பதிலின் நீளத்தையும் வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். சில மணி நேரம் ஆடியதும் எனக்குக் கொலையாளி யாரென்பதைவிட, கிம் என்ன நினைப்பார் என்பது பெரிய கவலையாகிவிட்டது. பொடியனிடம் கத்தியதற்கு வருந்தியதும் அதனால்தான்.

துப்பறியும் ஆட்டங்களில் இதற்கு முன் பேசப்பட்டவை வேறு பாணி. 2011இல் வந்த 'எல்.ஏ. நுவார்' 1947இன் லாஸ் ஏஞ்சலஸைக் கட்டியெழுப்பி, நடிகர்களின் முகத்தை 32 கேமராக்களால் பிடித்து, பொய்யை முகத்தில் கண்டுபிடிக்கச் சொன்னது. உண்மை, சந்தேகம், பொய் என்று மூன்று பொத்தான்கள். சரியாக அழுத்தினால் ஒரு இசைத்துணுக்கு, தவறினால் இன்னொன்று. தவறினால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். லூகாஸ் போப் 2018இல் தந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' இன்னும் கறார். கப்பலில் 60 பேர், ஒவ்வொருவரும் யார், எப்படி முடிந்தார் என்று நீங்களே எழுத வேண்டும். மூன்று பேருடையது சரியானால்தான் ஏற்றுக்கொள்ளும். மூளைக்கு வேலை வேண்டும் என்றால் இன்றைக்கும் என் ஓட்டு ஓப்ரா டின்னுக்குத்தான். 'டிஸ்கோ எலீசிய'த்தில் புதிர் என்று பார்த்தால், இதுவரை நான் கண்ட அளவில், சுமார்தான். தடயங்களை நாம் இணைப்பதைவிட, திறன்கள் இணைத்துக் கொடுப்பதே அதிகம்.

குறை அதோடு நிற்கவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் வந்து விழும் ஊர்ப்பெயரும் கட்சிப்பெயரும் ஒரு நாவலுக்குப் போதும். முதலாளிகளின் சார்பில் படகில் வந்திருக்கும் ஜாய்ஸ் மெஸ்ஸியேயிடம் உலக நிலவரம் கேட்டால், அந்த அம்மாள் நிலவுலகின் அமைப்பிலிருந்து தொடங்கிவிடுகிறார். அருமையான எழுத்துதான், ஆனாலும் அந்த உரையாடலை இரண்டாக வெட்டியிருக்கலாம். ஆட்டத்தின் மொத்த எழுத்து பத்து லட்சம் சொற்களைத் தாண்டும் என்பதை உணரும் இடம் அது. அத்தனையும் ஆங்கிலம், அதுவும் கிளைமொழியும் கெட்டவார்த்தையும் தத்துவமும் கலந்த ஆங்கிலம். தமிழ்ப் பதிப்பு கிடையாது. வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு முழுக்குரல் பதிப்பு பெரிய உதவி. ஆட்டத்தின் கடிகாரம் நம் அதிகாரி பேசும்போதும் புத்தகம் படிக்கும்போதும் மட்டுமே நகர்கிறது என்பதால், உரையாடலின் நடுவே நிறுத்தி அகராதியைப் புரட்டினாலும் ஆட்டத்தில் நேரம் போகாது.

இந்த உலகம் இவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முதன்மை வடிவமைப்பாளர் ராபர்ட் குர்விட்ஸும் நண்பர்களும் பல்லாண்டுகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடிய கதையுலகம் இது. குர்விட்ஸ் 2013இல் இதே உலகை வைத்து எஸ்டோனிய மொழியில் ஒரு நாவலும் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் கேம். அலெக்சாந்தர் ரோஸ்தோவின் தூரிகைத் தீற்றல்கள் ஒவ்வொரு சுவரிலும் தெரிகின்றன. எண்ணெய் ஓவியத்துக்குள் நடப்பதுபோல இருக்கிறது என்பது மிகையில்லை. ஆனால் இந்த அணி இப்போது இல்லை. குர்விட்ஸ், ரோஸ்தோவ், எழுத்தாளர் ஹெலன் ஹிந்த்பெரே மூவரும் நிறுவனத்திலிருந்து வெளியேறிவிட்டது 2022இல் வெளியே தெரிந்தது, பிறகு வழக்கு வம்பு என்று போனது. தொழிற்சங்கத்துக்கும் முதலாளிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊரைப் பற்றிய ஆட்டத்துக்கு இப்படி ஒரு பின்கதை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. எந்தத் துறையையும் ஒன்றில் விட்டுவிடாதீர்கள், குறிப்பாக உடலை. சேரும் புள்ளிகளை உடனே செலவழிக்காமல் ஒன்றிரண்டைப் பையில் வைத்திருந்தால், தோற்ற வெள்ளைச் சோதனையைத் திறக்க உதவும். உடை மாற்றினால் திறன் கூடும் குறையும் என்பதால், முக்கியமான சோதனைக்கு முன் பீரோவைத் துழாவுவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பகடை கவிழ்த்ததும் பழைய சேமிப்புக்கு ஓடும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

இப்போது என் ஆட்டம் துறைமுக வாசலில் நிற்கிறது. சங்கத் தலைவர் எவ்ரார்ட் கிளேர் உள்ளே இருக்கிறார். அவரைப் பார்க்காமல் வழக்கு நகராது. வாசலில் மெஷர்ஹெட் என்ற மலை மாதிரி ஆள், இனவெறிச் சித்தாந்தத்தைப் பாடமாகவே ஒப்பிக்கிறான். அடித்துத் தள்ளலாம் என்று ஒரு வழி காட்டுகிறது. பட்டினி போட்ட உடம்புக்கு அதற்கான சதவீதத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: அவனுடைய இனக் கோட்பாட்டை நான் மண்டைக்குள் ஏற்றி, ஊறவைத்து, உள்வாங்கிக்கொண்டால் விலகி வழிவிடுவான். என் கொழுத்த அறிவுத்துறைக்கு அது மிக எளிது. கலைக்களஞ்சியம் இப்போதே ஆர்வமாக இருக்கிறது. பக்கத்தில் கிம் ஒன்றும் சொல்லாமல் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாசலை விட்டு இறங்கி, கூரை வழியாகவாவது உள்ளே போக இடம் இருக்கிறதா என்று சுற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன்.